சிறுநீர்ப் புட்டிக்கு யார் பணம் கட்டுவது? ஒரு கணக்கரின் குத்துச்சண்டை அனுபவம்

குத்துச்சண்டை இரவு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அரங்கின் பின்புறம் ஒரு மடக்கு மேசை போடுவார்கள். குத்துச்சண்டையை மேற்பார்வையிடும் மாநில ஆணையத்தின் ஆய்வாளர் ஒரு பக்கமும், போட்டியை நடத்திய புரமோட்டரின் கணக்கராக நான் ஒரு பக்கமும் உட்கார்ந்திருப்போம். முகம் வீங்கிய இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டுக் காசோலையைப் பெற்றுக்கொண்டு போவார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், பகலில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மேசையில் உட்காருவதை ஏழெட்டு ஆண்டுகள் பகுதிநேரத் தொழிலாக வைத்திருந்தேன். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஊக்கமருந்துச் சோதனைக்கு யார் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு முதன்முதலில் எழுந்தது அந்த மேசையில்தான்.

அன்று நான்கு ரவுண்டு போட்டி ஒன்றில் வென்ற 22 வயது இளைஞர் ஒருவருக்கு ரவுண்டுக்கு 250 டாலர் வீதம் 1,000 டாலர் பேசப்பட்டிருந்தது. பயிற்சியாளரின் வழக்கமான பங்கு பத்து விழுக்காடு கழிந்தது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் மேலாளர் முன்பணமாகக் கட்டியிருந்த தொகையும் கழிந்தது. உரிமக் கட்டணமும் சில்லறைச் செலவுகளும் போக, அவர் கையில் கிடைத்தது 500 டாலருக்கும் குறைவு. தாளை இரண்டு முறை படித்துவிட்டு அவர் என்னிடம், "சிறுநீர் எடுத்தார்களே, அதற்கும் நான்தான் கொடுத்தேனா?" என்று கேட்டார். இல்லை, அது ஆணையத்தின் செலவு என்று ஆய்வாளர் பதில் சொன்னார். "நல்லவேளை" என்று சிரித்தபடி அவர் எழுந்து போனார்.

அந்தச் சிரிப்பில் ஒரு தவறான நிம்மதி இருந்தது என்பதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன். போட்டி நாளன்று ஆணையம் எடுக்கும் சிறுநீர் பெரும்பாலும் மரிஜுவானா, கொக்கெய்ன் போன்ற போதைப்பொருள்களைத் தேடுவதற்கானது. உடலை வலுவாக்கும் ஸ்டீராய்டையும், ரத்தத்தின் ஆக்சிஜன் கொள்ளளவை ஏற்றும் எரித்ரோபொயட்டினையும் பயன்படுத்துபவர் போட்டி நாளன்று அவற்றை உடலில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். அவற்றின் வேலை பயிற்சி முகாமில், போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்கும். ஆகவே பயன் தரும் சோதனை என்பது முன்னறிவிப்பின்றி, முகாம் நடக்கும் வாரங்களில் வீட்டுக் கதவைத் தட்டுகிற சோதனைதான். அதற்கு யார் பணம் கட்டுவது என்பதில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

சட்டத்தில் விடை தேடினேன். 1996-ஆம் ஆண்டின் தொழில்முறைக் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம் ரிங்குக்கு அருகே மருத்துவர் இருக்க வேண்டும், வீரருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றெல்லாம் கட்டளையிடுகிறது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி ஒரு மாநிலத்தில் இடைநீக்கம் பெற்றவரை மற்ற மாநிலங்கள் ஏற்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தச் சோதனையை நடத்தியே ஆக வேண்டும் என்றோ, நடத்தினால் செலவு யாருடையது என்றோ அதில் ஒரு வரியும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் முகமது அலி சீர்திருத்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு கணக்கருக்குப் பயன்படும் பிரிவு ஒன்று உண்டு. வீரரின் தலையில் புரமோட்டர் சுமத்தும் ஒவ்வொரு கட்டணத்தையும் செலவையும் ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பதே அது. சோதனைச் செலவை ஊதியத்தில் பிடித்தம் செய்வதாக யாராவது சொன்னால், அந்தத் தொகை ஆணையத்திடம் கொடுத்த தாளில் இருக்கிறதா என்று கேட்கும்படி வீரர்களிடம் சொல்வேன். பல பிடித்தங்கள் அந்தக் கேள்வியிலேயே மறைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை என்பது என்ன, அதில் எங்கெங்கே பணம் போகிறது என்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. எங்கள் தரப்பு வீரர் ஒருவர் பத்து ரவுண்டு போட்டிக்காக முகாமில் இருந்தார். விடியற்காலை ஆறு மணிக்கு மாதிரி சேகரிக்கும் அதிகாரி அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். தன் சார்பில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை வீரருக்கு உண்டு. மேலாளர் வெளியூரில் இருந்ததாலும், என் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்ததாலும், அழைப்பு எனக்கு வந்தது. சமையலறை மேசையில் மூன்று மூடிய பெட்டிகளை வைத்து, அவற்றில் ஒன்றை வீரரையே எடுக்கச் சொன்னார் அதிகாரி. பெட்டியின் மீதுள்ள எண், உள்ளே இருக்கும் 'ஏ', 'பி' என்னும் இரண்டு புட்டிகளின் எண், மூடியின் எண் ஆகிய மூன்றும் ஒன்றா என்று வீரரும் நானும் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தோம். 90 மில்லிலிட்டர் தேவை. முந்தின நாள் எடை குறைப்பதற்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிருந்த அவரால் முதல் முறை அறுபதைத் தாண்ட முடியவில்லை. பாதி மாதிரியை முத்திரையிட்டு ஓரமாக வைத்துவிட்டு, அவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருக்க, அதிகாரி பார்வையை அவர் மீதிருந்து எடுக்காமல் கூடவே நடந்தார். ஒரு மணி நேரம் கழித்து மீதி கிடைத்தது. பிறகு ஒரு சொட்டை எடுத்து அடர்த்தி அளக்கும் கருவியில் விட்டுப் பார்த்தார். அதிகம் தண்ணீர் குடித்து நீர்த்துப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக அது தேறியது. அடுத்து ரத்தம், அதற்குத் தனியாக ஒரு குளிர்ப்பெட்டி.

தொழில் புத்தி போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மனத்தில் வரவுசெலவுத் தாள் ஓடியது. அதிகாரியின் பயணமும் நேரமும் ஒரு வரி. அவர் தட்டிய கதவு திறக்காவிட்டாலும் அந்தச் செலவு செலவுதான். புட்டிப் பெட்டி ஒரு வரி, ரத்தம் எடுப்பவருக்கு ஒரு வரி, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்பும் கூரியர் ஒரு வரி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கட்டணம் ஒரு வரி. அதிலும் எதைத் தேடச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த வரி நீளும். எரித்ரோபொயட்டினுக்குத் தனி ஆய்வு, வளர்ச்சி ஹார்மோனுக்குத் தனி ஆய்வு. உடல் தானே சுரந்த டெஸ்டோஸ்டிரோனா, ஊசியில் வந்ததா என்று கார்பன் ஐசோடோப்பைக் கொண்டு பிரித்தறிவதற்குத் தனி ஆய்வு. "சோதனை நடந்தது" என்று சொல்வதால் எதுவும் விளங்காது. எதைத் தேடினார்கள் என்று கேட்டால்தான் விளங்கும். 2012-இல் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் அமீர் கானுடனான மறுபோட்டிக்கு முன் லாமன்ட் பீட்டர்சன் சிக்கியது இந்தக் கார்பன் ஆய்வில்தான். மலிவான பட்டியலை மட்டும் வாங்கியிருந்தால் மே 19 அன்று அந்தப் போட்டி ஒரு தடையுமின்றி நடந்திருக்கும்.

அந்தப் பரிசோதனையை நடத்தியது நரம்பியல் மருத்துவர் மார்கரெட் குட்மன் 2011-இல் தொடங்கிய தன்னார்வ ஊக்கமருந்துத் தடுப்புச் சங்கம். உலக முகமை, தன்னார்வச் சங்கம் ஆகிய இரண்டின் ஆங்கிலச் சுருக்கப் பெயரும் தமிழில் எழுதினால் 'வாடா' என்றுதான் வரும். யாரோ யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போலிருப்பதால் இங்கே முழுப் பெயரையே எழுதுகிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு. தன்னார்வச் சங்கம் இலாப நோக்கற்றது. பெயரே சொல்வது போல இரு தரப்பும் விரும்பிக் கேட்டால்தான் வரும். முடிவைத் தெரிவிக்கும், தண்டிக்கும் அதிகாரம் அதனிடம் இல்லை.

எங்கள் பத்து ரவுண்டு போட்டியின் கதைக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில், ஊக்கமருந்துச் சோதனையின் செலவை இரு தரப்புப் புரமோட்டர்களும் சரிபாதியாக ஏற்பார்கள் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துச் சரி என்று சொன்னவன் நான்தான். எட்டு வாரச் சோதனை என்று பேச்சு. எங்கள் பங்கை உடனே அனுப்பிவிட்டோம். எதிர்த் தரப்பு அலுவலகம் முதல் வாரம் காசோலையில் கையெழுத்திட வேண்டியவர் ஊரில் இல்லை என்றது, இரண்டாம் வாரம் தொலைக்காட்சிப் பணம் வரவில்லை என்றது, மூன்றாம் வாரம் தொலைபேசியையே எடுக்கவில்லை. முழுத் தொகை வராமல் திட்டம் தொடங்காது. கடைசியில் பணம் வந்து முதல் கதவு தட்டப்பட்டபோது போட்டிக்கு மூன்று வாரங்களே இருந்தன. முகாமின் கனமான ஐந்து வாரங்கள் சோதனையே இல்லாமல் கழிந்தன. மாதிரிகள் எல்லாம் தூய்மை என்று வந்தது. எங்கள் வீரர் புள்ளிகளில் தோற்றார். எதிராளி எதையும் பயன்படுத்தினார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் தோற்ற வீரரின் மனைவி என்னிடம் அந்த ஐந்து வாரங்களைப் பற்றிக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

யார் கட்டுவது என்பதைத் தெளிவாக எழுதிவிட்டு, எப்போது கட்டுவது என்பதை எழுத மறந்திருந்தேன். பணம் வரும் தேதிதான் சோதனை தொடங்கும் தேதி, ஆகவே பணத்தைத் தாமதிப்பவர் சோதனைக் காலத்தையே தீர்மானிக்கிறார். அதன் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், முழுத் தொகையும் ஒரு வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் சேர்ந்த பின்னரே போட்டியை அறிவிக்கலாம், நுழைவுச்சீட்டு விற்கலாம் என்று எழுதச் சொன்னேன். விற்பனை தொடங்காவிட்டால் எவ்வளவு சுணக்கக்கார அலுவலகத்திலும் காசோலையில் கையெழுத்து விழும்.

தேதியைப் பற்றிய பூசல் சிறியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2010 மார்ச்சில் நடப்பதாக இருந்த, அன்றைய இரு பெரும் வீரர்களான மேவெதர், பக்கியாவ் போட்டி உடைந்தது ரத்தப் பரிசோதனை எந்த நாள் வரை எடுக்கலாம் என்பதில்தான். 14 நாள் முன்பு வரை என்றது ஒரு தரப்பு, 24 நாள் என்றது மறுதரப்பு. அவர்கள் மோதியது 2015 மே 2 அன்று. ஐந்து ஆண்டுகள் உலகம் காத்திருந்தது. விதி ஒன்று முன்பே இருந்திருந்தால் இதைப் பேரம் பேச வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பணம் கொடுப்பவர்கள் பேரம் பேசுகிறார்கள் என்றால், தங்கள் பாதுகாப்பைப் பற்றிய விதியைத் தாங்களே விலைக்கு வாங்குகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முடிவை முதலில் கேட்பவர் யார் என்பது அடுத்தது. 2012 அக்டோபரில் ப்ரூக்ளினில் டேனி கார்சியாவுடன் மோதவிருந்த எரிக் மொராலெஸின் மாதிரியில் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்த செய்தி போட்டி நெருங்கிய வேளையில்தான் வெளியே கசிந்தது. அரங்கு தயார், ஒளிபரப்பு தயார், போட்டி நடந்தேவிட்டது. கார்சியா நான்காவது ரவுண்டில் அவரை வீழ்த்தினார் என்பதால் பலர் அதை மறந்துவிட்டார்கள். அடிபட்டு விழுந்தவர் கார்சியாவாக இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டார்கள். பணம் கட்டியவருக்குப் போட்டி நடந்தால்தான் பணம் திரும்பும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தயங்கினாலே போதும். ஆகவே பரிசோதனை முடிவு பணம் கட்டியவருக்குப் போகும் அதே மணி நேரத்தில் ஆணையத்துக்கும் போக வேண்டும் என்ற வரியை நான் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

2022 அக்டோபரில் லண்டனில் கானர் பென், கிறிஸ் யூபாங்க் ஜூனியர் போட்டியின்போதும் இதே இழுபறிதான். பென்னின் மாதிரியில் குளோமிஃபீன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருப்பதாகத் தன்னார்வச் சங்கம் தெரிவித்திருந்தும், அந்த வாரமும் போட்டியை நடத்திவிட முடியுமா என்று அமைப்பாளர்கள் வழி தேடினார்கள். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அனுமதிக்க மறுத்ததால்தான் அது நின்றது. பின்னர் 2024 நவம்பரில் பென்னுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் குற்றமற்றவரா என்பது நீதிமன்றம் போன்ற ஒரு குழு ஆற அமர முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் ஒரு பாசிட்டிவ் முடிவு கையில் இருக்கும்போது சனிக்கிழமை இரவு இருவரை மோதவிடலாமா என்பதைச் சீட்டு விற்றவர் முடிவு செய்யக்கூடாது.

அப்படியானால் யார்தான் கட்டுவது? வீரரே கட்டட்டும் என்று சொல்பவர்கள் என் மேசைக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். 500 டாலர் எடுத்துக்கொண்டு போன அந்த இளைஞரின் ஓர் ஆண்டு வருமானம் முழுவதும் ஒரு முகாமின் முறையான சோதனைக்குப் போதாது. அரசு கட்டட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கும். பிரிட்டனில் அரசு நிதியில் இயங்கும் முகமை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் குத்துச்சண்டை மாநிலத்துக்கு மாநிலம் பிரிந்து கிடப்பதால், செலவை ஏற்றுச் சோதிக்கும் மாநிலத்தை விட்டுவிட்டுச் சோதிக்காத மாநிலத்துக்குப் போட்டியைக் கொண்டு போவது எளிது. கலப்புத் தற்காப்புக் கலையில் யு.எஃப்.சி. என்ற ஒரே நிறுவனம் 2015 முதல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்குத் தானே பணம் கட்டியது. ஆண்டு முழுவதும் சோதனை நடந்தது. ஒரே முதலாளி இருக்கும் வசதி அது. 2023 இறுதியில் அந்த உறவு முறிந்து வேறு அமைப்பு வந்ததும் அதே வசதியின் மறுபக்கம்தான். குத்துச்சண்டையில் அப்படி ஒரே முதலாளியும் இல்லை. சாம்பியன் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 2016-இல் தன்னார்வச் சங்கத்துடன் சேர்ந்து, தன் சாம்பியன்களும் தரவரிசையில் முதல் 15 பேரும் சோதனைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கொண்டுவந்தது. நல்ல தொடக்கம் என்றே சொல்வேன். ஆனால் நான்கு ரவுண்டு அரங்கில் தரவரிசையில் உள்ளவர் யாரும் இல்லை.

என் கணக்கு இதுதான். பட்டப் போட்டிகளில் பட்டம் வழங்கும் அமைப்பு வீரரின் ஊதியத்தில் வழக்கமாக 3 விழுக்காடு அளவுக்கு அனுமதிக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. அதை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை, தாளில் அச்சடித்த வரி போலக் கழிந்துவிடும். அதே குழாயில், பெரிய போட்டிகளின் ஒளிபரப்பு வருமானத்திலிருந்தும் அரங்க வசூலிலிருந்தும் ஒரு சிறு பங்கை எடுத்து ஒரு பொது நிதியில் சேர்க்க வேண்டும். எந்தப் போட்டியில் வந்த பணம் எந்த வீரரின் கதவைத் தட்டப் போகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரியக்கூடாது. என்றைக்கு, எந்த ஆய்வு என்பதைச் சோதிப்பவர் மட்டும் முடிவு செய்ய வேண்டும். கொழுத்த பணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஊக்கமருந்தின் சபலமும் அதிகம் என்பதால் அங்கிருந்து எடுப்பது நியாயம். அந்தப் பணத்தில் ஒரு பகுதி எட்டு ரவுண்டு, ஆறு ரவுண்டு பையன்கள் வரை கீழே இறங்கினால் இன்னும் நல்லது. புரமோட்டர்கள் இதைக் கேட்டு என்னிடம் முகம் சுளித்திருக்கிறார்கள். அவர்களிடம் 2019-ஐ நினைவூட்டுவேன். சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவுடன் மோதவிருந்த ஜாரெல் மில்லர் ஏப்ரலில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால், அவருக்குப் பதிலாக அவசரமாகக் கொண்டுவரப்பட்ட ஆண்டி ரூயிஸ், ஜூன் 1 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏழாவது ரவுண்டில் சாம்பியனைக் கவிழ்த்தார். மாற்று ஆள் தேடி நிற்கும் செலவை எந்தச் சோதனைக் கட்டணத்தோடும் ஒப்பிட முடியாது.

பொது நிதி வரும்வரை ஒப்பந்தம்தான் ஆயுதம் என்பதால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். போட்டி ரத்தானால் மீதிச் சோதனைத் தொகை யாருக்குத் திரும்பும் என்று எழுதாமல் விட்டு ஒருமுறை ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து நடத்தியிருக்கிறேன். மறுசோதனைக்கென்று வைத்திருக்கும் 'பி' புட்டியைத் திறக்கச் சொன்னால் அந்தக் கட்டணம் பொதுவாக வீரர் தலையில்தான் விழும். ஆனால் 'பி' முடிவு 'ஏ' முடிவை உறுதி செய்யாவிட்டால் அது திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். ஊதியத்தில் ஒரு பகுதியை ஆய்வக முடிவுகள் அனைத்தும் வரும் வரை நிறுத்திவைப்பதும் அவசியம். 2024 ஏப்ரல் 20 அன்று டெவின் ஹேனியை வென்ற ரையன் கார்சியாவின் மாதிரிகளில் ஆஸ்டரின் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது போட்டி முடிந்து பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. நியூயார்க் ஆணையம் ஓராண்டு இடைநீக்கம் செய்து, போட்டி முடிவையும் ரத்து செய்தது. கடைசி மாதிரியின் முடிவு எப்போதும் காசோலைக்குப் பின்னால்தான் வரும். மாசடைந்த சத்துப்பொடியால்தான் இது நேர்ந்தது என்று கார்சியா தரப்பு சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை வந்தால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பதற்காக, எங்கள் வீரர்களை ஒவ்வொரு டப்பாவின் தொகுதி எண்ணையும் புகைப்படம் எடுத்து, அதே தொகுதியில் திறக்காத டப்பா ஒன்றை ரசீதோடு அலமாரியில் வைக்கச் சொன்னேன். இருபது டாலர் கூடுதல் செலவு அது. முனகிக்கொண்டே செய்தார்கள்.

நான் கடைசியாகக் கணக்குப் பார்த்த போட்டி எட்டு ரவுண்டு. நான்கு ரவுண்டு மேசையில் என்னைக் கேள்வி கேட்ட அதே இளைஞர்தான், அப்போது அவருக்கு 26 வயது. நுழைவுச்சீட்டு விற்பனைக்கு முன் பணம் சேர வேண்டும் என்ற வரியைப் புரமோட்டர் இரண்டு முறை அடித்துவிட்டார். இரண்டு முறையும் நான் திரும்ப எழுதினேன். மூன்றாம் முறை அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்திட்டார். பொறுப்புக் கணக்கில் தொகை ஏறிய அறிவிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்தது. வெள்ளிக்கிழமை காலை 5.50-க்குக் கைபேசி ஒலித்தது. யாரோ புட்டிகளோடு வாசலில் நிற்கிறார்கள், இவ்வளவு சீக்கிரமா வர வேண்டும், இதற்கும் என்னிடம்தான் பிடிப்பீர்களா என்று அரைத்தூக்கத்தில் கேட்டார் அவர். இல்லை, பெட்டியை நீங்களே தேர்ந்தெடுங்கள், எண்களைச் சத்தமாகப் படியுங்கள், நான் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.